குரல் போதும், உடல் வேண்டாம்

மேடை நடிகர் குரல் நடிகராவதைத் தொழில்மாற்றம், கூடுதல் வருமானம் என்று பேசி முடித்துவிடுகிறோம். விஷயம் அவ்வளவு லேசானதல்ல. மேடையில் குரலை உடலிலிருந்து பிரிக்க முடியாது. மூச்சு, வியர்வை, தோல் நிறம் எல்லாவற்றோடும் சேர்ந்தேதான் அது கடைசி வரிசைவரை போகிறது. மைக் இந்தப் பிணைப்பை அறுத்துவிடுகிறது. அறுந்தபின் எது விலைபோகிறது, எது கழித்துக்கட்டப்படுகிறது என்பதில்தான் அரசியல் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸை (1931–2024) எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் திக்குவாய், பல வருஷம் அநேகமாகப் பேசாமலே இருந்தார். ஆசிரியர் ஒருவர் கவிதையை உரக்கச் சொல்லவைத்த பிறகே பேச்சு வந்தது. ஆக, அந்தக் குரல் பிறவி வரமல்ல, உழைத்துச் சேர்த்தது. 1961இல் நியூயார்க்கில் ழான் ழெனேயின் 'கறுப்பர்கள்' நாடகத்தில் நடித்தார். கறுப்பு நடிகர்கள் வெள்ளை முகமூடி மாட்டிக்கொண்டு அரசவையாக உட்காரும் நாடகம் அது. 1968இல் 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்தில் கறுப்புக் குத்துச்சண்டை வீரர் வேஷம். 1969இல் அதற்கு டோனி விருது. அங்கே உடல்தான் பிரதி.

1977இல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. டார்த் வேடரின் உடைக்குள் இருந்தவர் டேவிட் ப்ரௌஸ் என்ற வெள்ளை ஆங்கிலேயர். அவருடைய வட்டாரப் பேச்சை ஒதுக்கிவிட்டு ஜோன்ஸின் குரலைப் பொருத்தினார்கள். ஒருவரிடமிருந்து உடலை மட்டும், இன்னொருவரிடமிருந்து குரலை மட்டும். ஜோன்ஸுக்குச் சம்பளம் சுமார் 7,000 டாலர். பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. பெயர் போட வேண்டாமென்று அவரேதான் சொன்னார், அப்புறம் என்ன என்று கேட்கலாம். தனிமனிதச் சம்மதம் அமைப்பை நியாயப்படுத்திவிடாது. 1983இல் வந்த மூன்றாம் படத்தில் வேடரின் முகமூடி கழற்றப்படுகிறது. உள்ளே தெரிவது செபாஸ்டியன் ஷா என்ற வெள்ளை நடிகரின் முகம்; அதற்குப் பிறகு குரலும் அவருடையதுதான். மிரட்டுவதற்குக் கறுப்புக் குரல், மன்னிப்புப் பெற வெள்ளை முகம். ழெனே தலைகீழாகிப் போகிறார். திட்டமிட்டுச் செய்தார்களா என்பது முக்கியமில்லை. யாருக்கும் உறுத்தவில்லை என்பதே முக்கியம்.

ஜோன்ஸ் மேடையை விட்டுவிடவில்லை. 1987இல் ஆகஸ்ட் வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகத்துக்காக இரண்டாவது டோனி வாங்கினார். 2022இல் பிராட்வே அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டினார்கள். அதே வருஷம் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் வேடரின் பேச்சை, அவர் சம்மதத்துடன், பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து உக்ரைன் நிறுவனமொன்று செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியது. அவர் இறந்த பிறகு, 2025 மே மாதம், 'ஃபோர்ட்நைட்' கணினி விளையாட்டில் அந்தச் செயற்கைக் குரல் விளையாடுபவர்களோடு உரையாடத் தொடங்கியது. குடும்பத்தின் அனுமதி இருந்தது. தங்களோடு பேரம் பேசாமல் நடிகர்களின் வேலை மாற்றப்பட்டதாக நடிகர் சங்கம் தொழிலாளர் வாரியத்தில் புகார் கொடுத்தது.

இங்கே சங்கம் கேட்டது சரியான கேள்வி. புகழ்பெற்ற ஒருவர் தன் குரலை எழுதிக்கொடுக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் அந்தக் குரலைப் போலப் பேசிப் பிழைத்த பெயர் தெரியாத நடிகர்கள் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. முதலில் உடல் வேண்டாமென்றார்கள். இப்போது பேசுகிற ஆளே வேண்டாமென்கிறார்கள். குரலை உழைப்பு என்று சொல்லாமல் 'வரம்', 'கலை' என்று மட்டும் கொண்டாடிக்கொண்டிருந்தால், இதை எதிர்த்துப் பேச நம்மிடம் வார்த்தை இருக்காது.