210 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்

சென்ற வாரம் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் மாதிரிக்குச் சாம்பல் நிறம் அடித்து முடித்தோம். இப்போது கப்பல் புத்தம் புதிதாக நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு பொழிந்த எம்டன் இப்படி இருந்திருக்காது. ஜூலை கடைசியில் சீனக் கரையின் சிங்தாவை விட்டுக் கிளம்பி ஏழு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடையில் உலர்துறை எதையும் காணவில்லை. வழியிலேயே துணைக்கப்பலை அருகில் அணைத்து, மூட்டை மூட்டையாக நிலக்கரி ஏற்றிக்கொண்டது. அந்த உழைப்பின் அழுக்கைத்தான் இந்த வாரம் ஏற்றப்போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. 118 மீட்டர் நீளக் கப்பல் 1/700 அளவில் 17 சென்டிமீட்டர். அதைக் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்த்தால், நிஜக் கப்பலை 210 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். நான்கு விரல் அகலத் துருக்கறை இந்த அளவில் 0.1 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன்தான். பிரஷ்ஷால் அரை மில்லிமீட்டருக்கு ஆரஞ்சுக் கோடு இழுத்தால், 35 சென்டிமீட்டர் அகலத்துக்குத் துரு ஓடியதாக ஆகிவிடும். 1/35 பீரங்கி வண்டிகளில் கற்ற பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதால்தான் நல்ல கப்பல்கள் பல பாழாகின்றன. பெயின்ட் உரிந்த திட்டுகளை விட்டே விடுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து அவை கண்ணுக்குத் தெரியாது.

அக்ரிலிக் பூச்சின் மேல் பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். அது வழவழப்பாக இருந்தால்தான் அடுத்த பூச்சு திட்டுத்திட்டாக ஊறாமல் இடுக்குகளுக்குள் ஓடும். பிறகு ஆயில் பெயின்டை டர்பன்டைனில் தண்ணீர் போலக் கரைத்துக்கொள்ளுங்கள். கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டால் என்.சி. தின்னரைத் தந்துவிடுவார்கள், அது அடிப்பூச்சையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைத்துவிடும். நிறம் கறுப்பு வேண்டாம். உடலின் சாம்பலைவிட ஒரு படி கருத்த சாம்பல் போதும்.

துருவுக்குக் கரும்பழுப்பு. நங்கூரச் சங்கிலி வெளிவரும் துளையின் கீழும், மேல்தளத்து நீர் வடியும் இடங்களிலும் ஊசிமுனையால் ஒரு புள்ளி வையுங்கள். சில நிமிடம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் நேர் கீழாக இழுங்கள். அணியம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும் நீர் நேர் கீழேதான் வடியும். கறை மறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

எம்டனில் துருவைவிடக் கரிக்கே நான் அதிக இடம் கொடுப்பேன். நிலக்கரி எரித்து ஓடிய கப்பல் அது. கறுப்பு பாஸ்டல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மூன்று புகைபோக்கிகளின் வாயிலும், அவற்றுக்குப் பின்னால் உள்ள தளத்திலும் உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள். மேலே மேட் வார்னிஷ் அடித்ததும் பாதிப் பொடி மங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே தடவலாம். அந்த வார்னிஷை மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். ஆயில் பெயின்ட் நன்றாகக் காய நாள்கணக்கில் ஆகும். மறுநாள் பகல் வெளிச்சத்தில் கப்பலை 30 சென்டிமீட்டரில் பிடித்துப் பாருங்கள். கப்பலுக்கு முன்னால் துரு கண்ணில் பட்டால், டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால் துடைத்தெடுத்துவிடுங்கள்.

(தொடரும்)