ரோமாபுரியின் கொல்லைப்புறம், கல்யாண் ஸ்லோவில்!

மாட்டுங்கா பிளாட்பாரத்தில் கல்யாண் ஸ்லோ வருவதாக ஒலிபெருக்கி சொல்லும்போதெல்லாம், பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு சேதி சொல்ல நாக்கு துறுதுறுக்கும்: "ஐயா, இந்த ஊர்ப் பெயர் ரோமானியர் காலத்துக் கையேட்டில் இருக்கிறது!" நிஜமாகவே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்திலிருந்து கப்பலில் வந்துபோன ஒரு வியாபாரி, தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் கிரேக்கத்தில் எழுதிவைத்த வழிகாட்டி நூல் 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்'. அதில் கல்யாண் 'கல்லியேனா'. நாலாசோபாரா 'சுப்பாரா'. சென்ட்ரல் லைனுக்கு ஒன்று, வெஸ்டர்ன் லைனுக்கு ஒன்று!

கல்யாணைப் பற்றி உள்வட்டாரச் செய்தியும் தருகிறார் மனிதர். முன்பு முறையாக வியாபாரம் நடந்த துறைமுகமாம். ஆள்பவர் மாறியதும் முடக்கிவிட்டார்களாம். விவரம் தெரியாமல் அங்கே ஒதுங்கும் கிரேக்கக் கப்பல்களைக் காவல் போட்டு பாருகச்சத்துக்கு, அதாவது இன்றைய பரூச்சுக்கு, கூட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். சாதவாகனர், மேற்கு சத்ரபர் என்ற இரு அரச குலங்களுக்கு இடையே நடந்த துறைமுகப் போட்டியின் சூடு அந்த இரண்டு மூன்று வரிகளில் இன்னும் ஆறவில்லை.

செம்பூர்க்காரர்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். கல்யாணுக்கு அடுத்து அந்தக் கையேடு சொல்லும் ஊர் 'செமில்லா'. அது நம் செம்பூர்தான் என்று ஒரு கருத்து பழைய நாளிலிருந்து உண்டு. அலிபாக் பக்கம், குண்டலிகா ஆற்று முகத்தில் இருக்கும் சௌல்தான் அது என்பவர்கள் அதிகம். கடலும் ஆறும் சேரும் துறை என்று பார்த்தால் என் ஓட்டும் சௌலுக்கே. ஆனாலும் செம்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது ஒரு விநாடி கனவு காண யார் தடுக்கப்போகிறார்கள்? எலிபண்டாத் தீவில் ரோமானிய மது வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளே கிடைத்திருக்கின்றன. அந்தக் கப்பல்கள் நம் கடல்வழியாகத்தான் போயிருக்கின்றன!

ரோமானியர் என்றதும் கொலோசியமும் கிளாடியேட்டரும் சீசரும் கண்முன் வருவார்கள். அது வாசல்பக்கம். எனக்குப் பிடித்தது கொல்லைப்பக்கம். அடுப்படி, சரக்கறை, மச்சுப்படி, சுவரில் கிறுக்குகிற கை. அந்தப் பக்கத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தால் உள்ளே நம் மிளகு வாசனை!

முதலில் அடுப்படி. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலைப் புரட்டுங்கள். பெரும்பாலான குறிப்புகளில் மிளகு. மீனுக்கு மிளகு, பன்றிக்கறிக்கு மிளகு, பருப்புக்கு மிளகு. இனிப்பிலுமா? ஆமாம்! பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு, பருப்போ பொடித்த மிளகோ அடைத்து, உப்பில் புரட்டி, தேனில் பொரிப்பது ஒரு பலகாரம். வீட்டில் செய்து பாருங்கள், முதல் கடியில் விழி பிதுங்கும், இரண்டாவதற்குக் கை தானாக நீளும். இந்தக் காரத்துக்காகவா கடல் கடந்து போகிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்தார். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்ச் சேருகிறது என்று கணக்கும் போட்டார். யார் கேட்டார்கள்? தொமித்தியன் பேரரசர் ரோம் நகரின் நடுவிலேயே மிளகுக்கென்று தனிக் கிடங்கு கட்டினார்.

பணக்காரர் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். ரோமானிய பிரிட்டனின் வட எல்லையில், குளிரில் நடுங்கிய விந்தோலாண்டா கோட்டையில், கி.பி. 100-ஐ ஒட்டி மரச்சீவல்களில் மையால் எழுதிய கணக்குகள் மண்ணுக்கடியில் கெடாமல் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் காம்பாக்ஸ் என்ற படைவீரன் பெயரில் மிளகுக்கு இரண்டு தெனாரியஸ் காசு பற்று. எங்கோ கேரளக் கரையில், முசிறித் துறைமுகத்தில் மூட்டை கட்டிய சரக்கு, அந்தச் சேற்றுக் கோட்டையில் ஒரு சிப்பாயின் கஞ்சிக்குள்! இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முசிறியில் யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு பேசுகிறது. பாட்டில் இருப்பது புலவர் கற்பனை என்று நினைப்பவர்கள் வியன்னாவுக்குப் போகலாம். அங்கே ஒரு பாபிரஸ் தாள் இருக்கிறது, 1985-இல் அச்சில் வெளியானது. ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு: கங்கைப் பக்கத்து வாசனைவேரான சடாமாஞ்சில் 60 பெட்டி, தந்தம், இன்னும் பல. மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ். அன்றைய சாதாரணப் படைவீரர்கள் ஐயாயிரம் பேருக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுத்தும் மிஞ்சும் தொகை, ஒரே கப்பலில்! இறக்குமதிக்கு நாலில் ஒரு பங்கு வரி. அரசாங்கம் ஏன் இந்த வியாபாரத்தைத் தடுக்கவில்லை என்பது இப்போது புரிகிறதா?

எகிப்தின் செங்கடல் ஓரத்து பெரனிகேயில், செராபிஸ் கோயில் தரையில் புதைத்திருந்த இந்திய ஜாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அதற்கு வடக்கே குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டிலோ தமிழ்ப் பிராமியில் 'பானை ஒறி' என்று எழுதியிருந்தது. உறியில் தொங்கிய பானைக்குப் பெயரெழுதிவைத்த அந்தத் தமிழரோடு ஒருவாய்க் காபி குடிக்க முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இப்போது மச்சுப்படி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டை விட்டு ஒரு சந்துக்குள் நுழைந்தால், கீழே பட்டறை, மூலையில் செங்குத்தான இரும்பு ஏணி, மேலே குடித்தனம். ரோமின் துறைமுக நகரான ஓஸ்தியாவின் இடிபாடுகளில் இதே ஏற்பாட்டைப் பார்க்கலாம். தெருவைப் பார்த்த கடை. கடைக்குள்ளேயே மூலையில் செங்கல்லில் மூன்று நான்கு படி. அதற்குமேல் மர ஏணி இருந்து மட்கிப்போன இடம். மேலே கடைக்காரர் குடும்பம் படுத்த பரண். இப்படிக் கடை வரிசைமேல் மாடிமாடியாக எழுந்த வாடகைக் கட்டடங்களுக்கு 'இன்சுலா' என்று பெயர். அளவில்லாமல் உயரப் போனதால் 70 அடிக்கு மேல் கூடாது என்று அகஸ்டஸ் தடை போட்டார்.

தடையால் மட்டும் கட்டடம் நிற்குமா? மேடைப்பேச்சுக்குப் பேர்போன சிசரோ வாடகைக்கு விடும் முதலாளியும்கூட. கி.மு. 44-இல் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்லும் சேதி: என் கடைகளில் இரண்டு இடிந்துவிட்டன, மற்றவை விரிசல் விடுகின்றன, குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகளே இடத்தைக் காலி செய்துவிட்டன! அதோடு நிற்கவில்லை. இடிந்ததையே லாபமாக மாற்ற ஒரு கட்டுமானத் திட்டம் கைவசம் இருப்பதாகவும் எழுதுகிறார். ரீடெவலப்மென்ட் பேச்சு கி.மு. 44-லேயே! மழைக்காலம் வந்தாலே மேற்கூரையை அண்ணாந்து பார்க்கும் தாராவிக் குடும்பத்துக்கு அந்த வாடகைக்காரர்களின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிசரோவின் கடிதங்கள் பத்திரமாக நமக்கு வந்துவிட்டன. ஏணிக்கு மேலே படுத்தவர்கள் ஒரு வரிகூட விட்டுப்போகவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

சுவர்களாவது அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கின்றன. இத்தாலியின் பொம்பெய் நகரச் சுவர்களில் தேர்தல் விளம்பரம் ஆயிரக்கணக்கில்! பழக்கடைக்காரர்கள் இன்னாரை ஆதரிக்கிறோம் என்று ஒரு சுவர், கோவேறு கழுதை ஓட்டுபவர்கள் ஆதரிக்கிறோம் என்று இன்னொன்று. செரினியஸ் வாத்தியா என்ற வேட்பாளருக்கு ராத்திரி நெடுநேரம் குடிப்பவர்களும் சில்லறைத் திருடர்களும் ஆதரவு என்று எவரோ எழுதிவைத்திருக்கிறார்கள். எதிராளியின் கைவரிசையாகத்தான் இருக்கும். எழுதுகிறவர்கள் ராத்திரியில் வேலை செய்வார்கள், கூடவே ஒருவர் விளக்குப் பிடிப்பார். ஏணியைக் கெட்டியாகப் பிடி என்று விளக்குக்காரனுக்குச் சொன்ன வார்த்தையையும் ஓர் ஓவியர் சுவரிலேயே பதித்துவிட்டார். மாநகராட்சித் தேர்தல் நேரத்தில் தாராவியில் பேனர் கட்டிய எந்தப் பையனும் அந்த ஏணியின் ஆட்டத்தை உணர்வான்.

தோல் வேலைக்காரர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தாராவித் தோல் ஷாப்புகளில் உழைத்த குடும்பங்கள் இதைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்தலாம். கி.பி. 408-இல் விசிகோத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு, விலகிப் போக விலை கேட்டான். பொன், வெள்ளி, பட்டாடைகளோடு பட்டியலில் இருந்தவை: சிவப்புச் சாயமேற்றிய தோல் 3,000, மிளகு 3,000 ராத்தல், அதாவது ஏறக்குறைய ஒரு டன். ஒரு பேரரசுக்கே பெயர் கொடுத்த நகரத்தை விட்டுவைக்கக் கேட்ட விலையில் பதனிட்ட தோலும் நம் மிளகும் பொன்னோடு சரிசமமாக உட்கார்ந்திருக்கின்றன!

ஃபோர்ட் பக்கம் போனால் ஹுதாத்மா சௌக்கில் ஒரு ரோமானியத் தேவதையே நிற்கிறாள். பூக்களின் தேவதை ஃப்ளோரா. 1864-இலிருந்து அவள் பெயரில் நீரூற்று, 2019-இல் புதுப்பித்தபின் பளிச்சென்று இருக்கிறாள். ரோமில் அவளுக்கு ஏப்ரல் கடைசியில் திருவிழா: வண்ண உடைகள், பூமாலைகள், கூட்டத்தின்மேல் அள்ளி வீசும் பயறு, ஓடவிடும் முயல்கள். அவளை எப்படியாவது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாட்டுங்கா பூக்கடைச் சந்துக்குக் கூட்டிவர வேண்டும் என்பது என் ஆசை. மல்லியும் கதம்பமும் மரிக்கொழுந்தும் முழம் போடும் அந்த விரல்களைப் பார்த்தால் அவள் ஃபோர்ட்டுக்குத் திரும்பவே மாட்டாள்.

கல்லில் நிற்பவளை நகர்த்த முடியாது. ஆனால் தெய்வங்கள் கப்பலேறியது உண்மை! பொம்பெயில் 1938-இல் ஒரு தந்தச் சிலை கிடைத்தது. கால் மீட்டர் உயரம், கால்களில் வளையல் அடுக்கு, இருபுறமும் தோழிகள். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சி என்பவர்களும் உண்டு. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்தவள், இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். அவளுடைய உறவுக்காரிகள் கிடைத்த ஊர்கள் எவை தெரியுமா? மகாராஷ்டிரத்தின் போகர்தனும் தேரும். தேர்தான் பெரிப்ளஸ் சொல்லும் 'தகரா', வண்டி வண்டியாகச் சரக்கு மேற்குக் கடற்கரைக்கு இறங்கிய ஊர்.

லட்சுமி அங்கே போனாள் என்றால் அங்கிருந்து ஒருவர் இங்கே வந்தார். கோலாப்பூர் பிரம்மபுரி மேட்டில் 1940-களில் தோண்டியபோது ரோமானிய வெண்கலப் பாத்திரங்களோடு கடல் தெய்வம் பொசைடனின் கையடக்கச் சிலை வெளிவந்தது. கடலிலிருந்து அவ்வளவு தூரம், சஹ்யாத்ரி மலை ஏறி உள்நாட்டுக்கு வந்திருக்கிறார்! யார் மடியில், எந்த மூட்டைக்குள்? கோலாப்பூர் டவுன் ஹால் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறார் அவர். ராத்திரி சிஎஸ்எம்டியில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் கோலாப்பூர். தாதரிலும் கல்யாணிலும் நிற்கும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்!