பிஸ்கட் டப்பாவில் சேர்ந்த மைல்கள்

எங்கள் தறிக்கூடத்துக் கணக்கு இருபத்தெட்டு வருஷமாக என் கையில் இருக்கிறது. நூல் வரவு, துணி பற்று, கூலி, சலவைக்குப் போன உருப்படி எல்லாம் நீளமான சிவப்பு அட்டை நோட்டில் ஏறும். அந்த நோட்டின் கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் தனியாகக் கோடு போட்டுப் பிரித்து ‘மைல்’ என்று தலைப்பு எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் வெளிநாடு போய்வந்ததும் சட்டைப் பையிலிருந்து போர்டிங் பாஸ் துண்டை எடுத்து என்னிடம் கொடுப்பார். தேதி, போன ஊர், சேர்ந்த மைல், அது காலாவதியாகும் மாதம் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் துண்டை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைப்பேன். விமானத்தின் வாசலைக்கூட 2024 வரை நான் மிதித்ததில்லை.

எங்கள் ஊர் இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். சத்திரப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அன்று ராத்திரி விசைத்தறிச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. இப்போது தறி நின்றால்தான் விழிப்பு வருகிறது. இங்கே நெய்வது பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். புண்ணின் மேல் டாக்டர் வைக்கிறாரே, வலை மாதிரி மெல்லிய துணி, அதுதான் காஸ். ஐரோப்பாக்காரர்கள் அதை இழை எண்ணித்தான் வாங்குவார்கள். 17-ம் வகை என்றால், ஒரு சென்டிமீட்டரில் ஓடும் பாவு இழையையும் ஊடை இழையையும் கூட்டினால் 17 வரவேண்டும். தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்கவேண்டும். மூழ்காமல் மிதந்தால் சலவை சரியில்லை என்று அர்த்தம். அந்தத் துணி இரத்தத்தையும் உறிஞ்சாது.

ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் என்று ரைன் நதிக்கரையில் ஒரு நகரம். அங்கே வருஷா வருஷம் நவம்பரில் ‘மெடிக்கா’ என்ற மருத்துவப் பொருள் கண்காட்சி நடக்கும். உலகம் முழுவதிலிருந்தும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கடை விரிக்கும். 2024-ல் நவம்பர் 11 முதல் 14 வரை நடந்தது. “இழைக்கணக்கு கேட்டா எனக்குத் தடுமாறுது. இந்தத் தடவை நீயும் வா” என்றார் இவர். அப்படித்தான் நான் கிளம்பினேன்.

டிக்கெட் போடும் அன்றைக்கு டப்பாவும் நோட்டும் கூடத்துக்கு வந்தன.

மைல் கணக்கு புரியாத ஒன்றல்ல. பறக்கும் தூரத்துக்கும் கொடுத்த கட்டணத்துக்கும் ஏற்ப விமான நிறுவனம் நம் பெயரில் புள்ளிகள் வரவு வைக்கும். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைப் பெரிய அளவில் தொடங்கியது; இன்று பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் வைத்திருக்கின்றன. சேருவதற்குக் காசு கிடையாது. ஆனால் சேர்ந்திருந்தால்தான் வரவு. சில திட்டங்களில் மூன்று வருஷத்தில் மைல் செத்துப்போகும். எங்கள் தெருவிலேயே துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பத்து வருஷமாகப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள்; விசாரித்தால் பாதிப் பேர் சேரவே இல்லை. உழைத்த கூலியை வாங்காமல் வந்த மாதிரி எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல், இனிஷியல். இவர் உறுப்பினரானபோது பெயரோடு ஓர் எழுத்து இனிஷியலைப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. டிக்கெட் பாஸ்போர்ட்படி வந்தது. இரண்டு பெயரும் பொருந்தவில்லை என்று ஒரு முழுப் பயணத்தின் மைல் ஏறவே இல்லை. நாலு தடவை எழுதினேன். கடைசியில் டப்பாவிலிருந்த துண்டுகளைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் வரவு வைத்தார்கள். விட்டுப்போன மைலைக் கேட்பதற்குக் கெடு உண்டு, அதனால் வீடு திரும்பியதும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உறுப்பினர் பெயர் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட் மாதிரியே இருக்கட்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்ததில், நாங்கள் விமானம் மாறும் துபாயிலிருந்து டுசெல்டார்ஃப் வரைக்கும் ஒரே ஒரு இருக்கையை எகானமியிலிருந்து பிசினஸ் கிளாஸுக்கு உயர்த்தும் அளவுக்கு மைல் இருந்தது.

“ரெண்டு பேருக்கும் பத்தாதாக்கும்?” என்று கேட்டார்.

“ஒருத்தருக்குத்தான் வரும். நீங்க சம்பாதிச்சது, நீங்க உட்காருங்க.”

“எனக்குப் பழகிப்போச்சு. உனக்குத்தான் கால் வீங்கும். போட்டுக்கோ.”

துணி மடிக்கும் மேசை முன்னால் நின்று நின்று என் காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. மறுபேச்சு பேசவில்லை. ஆனால் மிக மலிவான டிக்கெட்டை மைல் கொடுத்து உயர்த்த முடியாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு அடுத்த விலையில் எனக்கு எடுத்தோம்.

மைல் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கிளம்பும் நாள் நெருங்கும்போது, இவ்வளவு கட்டினால் முன் இருக்கை தருகிறோம் என்று சில நிறுவனங்கள் மின்னஞ்சல் அனுப்பும். சில நிறுவனங்கள் நம்மையே விலை கேட்கச் சொல்லும், ஏலம் மாதிரி. சாயங்காலம் மதுரைப் பூச்சந்தையில் மல்லிகை விலை இறங்குகிறதே, அதே கதைதான். கதவு சாத்திவிட்டால் காலி இருக்கைக்கு விலை கிடையாது. அதனால் முழு விலையில் பாதிக்கும் குறைவாகக்கூடச் சில நேரம் கிடைத்துவிடுகிறது. இன்னொன்று அவர்களாகவே தூக்கி உட்கார வைப்பது. சிலர் வராமல் போவார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற இடத்தைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்பார்கள். எல்லாரும் வந்துவிட்டால் பின்னால் இடம் இருக்காது; சிலரை முன்னால் அனுப்பவேண்டிவரும். அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களுக்குத்தான் அதில் முதல் இடம்.

எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்கட்டும். பிசினஸ் கிளாஸுக்குப் பணம் கட்டியவரைப் பின்னால் இறக்கினால் ஈடு தரவேண்டும் என்று நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023 பிப்ரவரி 15 முதல் விதி வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை டிக்கெட் தொகையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75. உள்நாட்டில் 75 சதவீதம். இதை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டேன்.

இராஜபாளையத்தில் பொதிகை ரயில் ஏறி விடிகாலை தாம்பரத்தில் இறங்கினோம். பகலை உறவுக்காரர் வீட்டில் கழித்துவிட்டு, சாயங்காலம் மின்சார ரயிலில் திரிசூலம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். அம்மா கொடுத்துவிட்ட ஒரு கிலோ பால்கோவாவை அந்த உறவுக்காரர் வீட்டிலேயே விட்டுவிட்டேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பண்டங்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு இருக்கலாம், ஜெர்மனிக்குள் போக அனுமதி இல்லை. சாத்தூர் காரச்சேவுக்குத் தடை எதுவும் இல்லை. இரண்டு பொட்டலம் பையில் ஏறியது.

பாதுகாப்புச் சோதனையில் என் இழை எண்ணும் கண்ணாடியைக் கையில் எடுத்து, “இது என்னம்மா?” என்றார் காவலுக்கு நின்ற பெண். சாம்பிள் காஸை அதன் அடியில் விரித்து எண்ணிக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார்.

உள்ளே போனதும் லவுஞ்ச். பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும்; விஷயம் காத்திருக்கும் கூடம்தான். 1939-ல் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்ததுதான் இதற்கு முன்னோடி. அந்தக் காலத்தில் நிறுவனம் அழைத்த பெரிய மனிதர்கள் மட்டும் உள்ளே போகலாம். இன்று கிரெடிட் கார்டே பல பேருக்குச் சாவி. என் பெயரில் ஒரு துணைக் கார்டு வாங்கியிருந்தோம். வாசலில் அதைத் தேய்த்து 2 ரூபாய் பிடித்தார்கள், அவ்வளவுதான். முன்பு போல எல்லாக் கார்டுக்கும் இது கிடைப்பதில்லை. போன மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருக்கவேண்டும் என்று பல வங்கிகள் நிபந்தனை வைத்துவிட்டன. உள்நாட்டு லவுஞ்சுக்குச் செல்லும் கார்டு வெளிநாட்டு முனையத்தில் செல்லாமலும் போகும். வீட்டிலிருந்தே வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்பினால் வாசலில் முகம் வாட வேண்டியதில்லை.

உள்ளே சூடாக இட்லி, பொங்கல், தயிர்சாதம். தட்டை எடுத்தபோது இதற்குத் தனியாகக் காசு கேட்பார்களோ என்று கை தயங்கியது. “எடு, உன் கணக்குதான்” என்றார். 2013-ல் முதல் தடவை போனபோது துபாயில் ஏழு மணி நேரம் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார் இவர். லவுஞ்சுக்குள் விடும் கார்டு அப்போதே அவர் பர்ஸில் இருந்திருக்கிறது. வங்கியில் யாரும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நம் மாதிரி ஆட்களுக்கு அந்தக் கூடம் இல்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நாமாக நினைத்துக்கொண்டு வெளியே நிற்கிறோம்.

துபாயில் இறங்கும்போது நடுராத்திரி. அடுத்த விமானம் காலையில். நாங்கள் காத்திருந்த கட்டடம் ஏ380 என்னும் இரட்டை மாடி விமானங்களுக்காகவே 2013-ல் திறந்தது. பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச் ஒரு தளத்தை நீளவாக்கில் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாசலில் என் போர்டிங் பாஸுக்குப் பச்சை விளக்கு எரிந்தது; இவருக்கு அனுமதி இல்லை. “போய்க் குளிச்சிட்டு வா, நான் இங்கன உட்கார்ந்திருக்கேன்” என்றார். வெந்நீரில் குளித்தேன். பட்டுப்போல ஒரு துண்டு கொடுத்தார்கள், பருத்திதான். டீயைக் கையில் எடுத்தேன், இறங்கவில்லை. வெளியே வந்துவிட்டேன். இவருடைய கார்டு செல்லும் வேறு லவுஞ்ச் ஒன்றைத் தேடிப்பிடித்து இரண்டு பேரும் போனோம். அங்கே சில மணி நேரம்தான் இருக்கவிடுவார்கள். நாற்காலிகள் நெருக்கம், நிம்மதி அதிகம். தோளோடு தோள் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தோம்.

காலையில் விமானத்தின் மேல் மாடிக்கு நான் போனேன், இவர் கீழ் மாடிக்கு.

எகானமியில் ஒரு இருக்கையின் முதுகிலிருந்து முன் இருக்கையின் முதுகு வரை பெரும்பாலும் 31, 32 அங்குலம். எனக்குக் கிடைத்தது பொத்தானை அழுத்தினால் கட்டிலாக நீளும் இருக்கை. பிசினஸ் கிளாஸ் என்ற வகுப்பே 1970-களின் கடைசியில் வந்ததுதான். அதில் முழுசாகப் படுக்கும் இருக்கையை 2000-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்தது. அது வெறும் சொகுசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கொடைக்கானலில் இருக்கிற மாதிரிதான் இருக்கும். காற்று காய்ந்து கிடக்கும். காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறைந்துபோகவும் கூடும். கால் நீட்டிப் படுத்த பத்தாவது நிமிஷத்தில் என் கெண்டைக்கால் குத்தல் அடங்கியது. வயசானவர்களுக்கும் கால் நோவு உள்ளவர்களுக்கும் இது மருந்து மாதிரி. வீட்டில் ஒருவருக்குத்தான் முடியும் என்றால் அவர்களுக்கே கொடுங்கள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். சைவச் சாப்பாட்டை ஒரு நாள் முன்னதாகவே சொல்லியிருந்தோம். சொல்லாவிட்டால் மேல் மாடியிலும் உறுதி கிடையாது. அந்த உயரத்தில் உப்பும் இனிப்பும் நாக்கில் மங்கிவிடும். காரச்சேவைப் பிரித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்கார அம்மாளுக்கும் ஒரு கை கொடுத்தேன், கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார். மேசைத் துணியைக் கண்ணாடி வைத்து எண்ணிப் பார்த்தேன், நெருக்கமான நெசவு. தலைக்கு மேலே முதலுதவிப் பெட்டி என்று ஒட்டியிருந்தது. எல்லா விமானத்திலும் இருக்கவேண்டிய பெட்டி அது; அதற்குள் பேண்டேஜும் காஸும் இருக்கும். எந்த ஊர்த் தறியில் ஓடியதோ.

மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்ததும், பணிப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டு படி இறங்கிக் கீழே போனேன். இவர் நடு வரிசையில், இரண்டு பக்கமும் ஆள். முன் இருக்கையில் முட்டி இடித்தபடி, தலை ஒரு பக்கம் தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக நோட்டில் நான் ஏற்றிய ஒவ்வொரு வரியும் இப்படிச் சம்பாதித்தது என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. எழுப்பவில்லை.

டுசெல்டார்ஃபில் முன் வகுப்புக்காரர்களை முதலில் இறக்கிவிட்டார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்றேன். கூட்டம் போகப் போக, கடைசியில் வந்தார். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. வீக்கத்தில் வலது கால் ஷூவுக்குள் முழுசாகப் போகாமல், ஷூவின் குதிப்பக்கத்தை மிதித்துக்கொண்டு நடந்தார்.

“தூங்கினியா?” என்றார்.

பாஸ்போர்ட் வரிசைக்கு முன்னால் கிடந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். சாம்பிள் பையைத் திறந்து ஒரு கிரேப் பேண்டேஜ் சுருளை எடுத்தேன். “அது பார்ட்டிக்குக் காட்டறதுக்கு” என்றார். உறையைக் கிழித்து, பாதத்திலிருந்து தொடங்கி, ரொம்ப இறுக்காமல், முழங்காலுக்குக் கீழே வரைக்கும் சுற்றினேன்.