செல்வக் குவிப்பு: கணக்கின் விளைவா, சட்டத்தின் விளைவா?

இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரடோ பரேட்டோ, 1896-97இல் வெளிவந்த தம் நூலில், இங்கிலாந்து, பிரஷ்யா, சாக்சனி, சில இத்தாலிய நகரங்கள் ஆகியவற்றின் வரிப் பதிவுகளை ஒப்பிட்டு, அரசியல் அமைப்பு எதுவாயினும் வருமானப் பகிர்வு ஏறத்தாழ ஒரே வடிவில் அமைகிறது என்று கூறினார். வருமான வரம்பு உயர உயர, அதற்கு மேல் பெறுவோரின் எண்ணிக்கை ஒரு சீரான கணக்குப்படி குறைகிறது. அந்தக் குறைவின் வேகத்தைக் குறிக்கும் அடுக்கெண் அவர் பார்த்த இடங்களில் 1.5ஐ ஒட்டி நின்றது. ஏற்றத்தாழ்வு இயற்கையின் விதி என வாதிடுவோருக்கு அன்று முதல் இதுவே பெரும் பற்றுக்கோடு.

அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடவும் முடியாது. சம அளவு பணமுள்ள பலர், இருவர் இருவராக நாணயம் சுண்டிப் பந்தயம் வைப்பதாகவும், இருவரில் ஏழையானவரின் கையிருப்பில் 20 விழுக்காடே பந்தயத் தொகை என்பதாகவும் கொண்டால், ஆட்டம் முற்றிலும் நேர்மையானதாகத்தான் தோன்றும். ஆனால் தலா 100 ரூபாயுடன் தொடங்கும் இருவரில் முதல் சுற்றில் தோற்றவர் 80க்கு இறங்கி, அடுத்த சுற்றில் வென்றாலும் 96க்கே திரும்புகிறார். மற்றவரிடம் 104 நிற்கிறது. ஆளுக்கொரு வெற்றியும் ஒரு தோல்வியும் கண்ட பின்னும் சமநிலை மீளவில்லை. சுற்றுகள் பெருகப் பெருகச் செல்வம் முழுவதும் ஒருவரிடமே போய்ச் சேரும் என்பதை இயற்பியலாளர்களும் கணிதவியலாளர்களும் இத்தகைய மாதிரிகளைக் கொண்டு காட்டியுள்ளனர். திறமையோ சூழ்ச்சியோ இன்றியே குவிப்பு நேர்கிறது என்பது செல்வரின் தகுதியைப் போற்றுவோருக்கும் உவப்பான முடிவு அன்று. அதே மாதிரியில், ஒவ்வொரு சுற்றிலும் சராசரிக்கு மேற்பட்ட செல்வத்திலிருந்து ஒரு சிறு பங்கை வரியாக எடுத்துக் கீழுள்ளோருக்குப் பகிர்ந்தால், முற்றான குவிப்பு நின்று, ஒரு நிலையான பகிர்வு உருவாகிறது.

ஆகவே பரேட்டோவின் வளைவில் கவனிக்கத்தக்கது அதன் வடிவத்தினும் அடுக்கெண்ணே. அவ்விதி எல்லோருக்கும் பொருந்துவதாகக் கொண்டால், அடுக்கெண் 2 ஆகும்போது மேல்தட்டு 20 விழுக்காட்டினர் பெறும் பங்கு சுமார் 45 விழுக்காடு, 1.5 ஆனால் 58, 1.16க்கு இறங்கினால் 80. பரேட்டோவின் பெயரால் வழங்கும் '80-20 விதி' அவர் கண்ட 1.5க்கே பொருந்துவதில்லை என்பது மேடைகளில் அதிகம் சொல்லப்படாத செய்தி.

அந்த எண் நிலையானதன்று என்பதற்கு இந்தியாவே சான்று. வருமான வரித் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடுகளின்படி, மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரின் வருமானப் பங்கு 1930களின் இறுதியில் 20 விழுக்காட்டைத் தாண்டி, 1980களின் தொடக்கத்தில் 6 அளவுக்குச் சரிந்து, 2022-23இல் மீண்டும் 22ஐக் கடந்தது. 1973-74இல் உச்ச வருமான வரி விகிதம் 97.75 விழுக்காடாக இருந்ததால் மறைக்கப்பட்ட வருமானமும் மிகுதியாக இருந்திருக்கும். எனவே அந்த 6 விழுக்காட்டை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எனினும், ஒரே நாட்டில் அரை நூற்றாண்டுக்குள் இத்தகைய இறக்கமும் அடுத்த நாற்பதாண்டில் இத்தகைய ஏற்றமும் நிகழ்ந்ததை இயற்கை விதி என்ற ஒன்றைக் கொண்டு விளக்க இயலாது.

செல்வம் தலைமுறை தாண்டும் இடத்தில் சட்டத்தின் கை இன்னும் தெளிவாகத் தெரிகிறது, ஏனெனில் இறந்தவரின் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்பதை எந்தச் சந்தையும் தீர்மானிப்பதில்லை. இறந்தவரின் சொத்து கைமாறும்போது விதிக்கப்படும் மரபுரிமை வரியை இந்தியா 1953இல் கொண்டுவந்து, வசூல் சொற்பம், நிர்வாகச் செலவோ அதிகம் என்ற காரணத்தால் 1985இல் நீக்கியது. 1957இல் வந்த செல்வ வரியும் 2015இல் கைவிடப்பட்டது. சந்தைப் பொருளாதாரத்தையே பின்பற்றும் ஜப்பானில் மரபுரிமை வரியின் உச்ச விகிதம் 55 விழுக்காடு. தென் கொரியாவில் 50.