நாற்பது நிமிஷத்தில் எதை விடுவது?

அந்தமானில், அபர்டீன் பஜார் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் தினமும் சாயங்காலம் டீ குடிக்கும் கடை இருக்கிறது. மழை விட்டிருந்த ஓர் ஆகஸ்ட் சாயங்காலம், என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்கு டியூஷன் படித்த பையன் அங்கே தேடி வந்தான். இப்போது பி.காம். கடைசி வருஷம். பம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் படகில் வந்து போகிறவன். கையில் ஒரு காகிதம். வாங்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல்.

"டீச்சர், எம்.பி.ஏ.வுக்கு கேட் எழுதப் போறேன். சிலபஸ் எங்கேயும் கிடைக்க மாட்டேங்குது. உங்ககிட்ட இருக்கா?"

"உட்காரு தம்பி. முதல்ல டீ குடி" என்றேன். ஏனென்றால் அவன் தேடியது இல்லாத ஒன்றை.

பொறியியல் மேற்படிப்புக்கும் ஒரு கேட் உண்டு. அது வேறு. இது இந்திய மேலாண்மைக் கழகங்கள், அதாவது ஐஐஎம்கள், தங்கள் எம்.பி.ஏ. சேர்க்கைக்காகச் சேர்ந்து நடத்தும் பொது நுழைவுத் தேர்வு. 1961-இல் தொடங்கிய கல்கத்தா, அகமதாபாத் முதல் 2011-இல் வந்த நம் திருச்சி வரை எல்லா ஐஐஎம்களும் இந்த மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. ஐஐஎம் அல்லாத பல கல்லூரிகளும் பார்க்கின்றன. பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45. கடைசி வருஷம் படிக்கிறவர்களும் எழுதலாம்.

இந்தத் தேர்வுக்கு அதிகாரப்பூர்வமான பாடத்திட்டம் கிடையாது. இருப்பது அமைப்பு மட்டும். எத்தனை கேள்வி, எத்தனை நிமிஷம், தப்பானால் என்ன கழிப்பார்கள், எங்கே திரும்பிப் போக முடியாது: இவ்வளவுதான். பாடத்திட்டம் இல்லாத இடத்தில் அமைப்புதான் பாடம்.

பட்டியலைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன். 2024 நவம்பர் 24 அன்று ஐஐஎம் கல்கத்தா நடத்திய தேர்வை வைத்துச் சொன்னேன். மொத்தம் 68 கேள்வி, இரண்டு மணி நேரம், மூன்று பிரிவு. முதலில் ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், 24 கேள்வி. அடுத்து தரவு விளக்கமும் தர்க்கமும், 22. கடைசியில் கணக்கு, 22. ஒவ்வொரு பிரிவுக்கும் சரியாக 40 நிமிஷம். முன்பு மூன்று மணி நேரத் தேர்வாக இருந்தது. 2020-இல் இரண்டாகக் குறைத்தார்கள். கேள்விகளின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும். ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்தே ஆக வேண்டும்.

"கணக்கு எனக்கு வரும் டீச்சர். இங்கிலீஷை சீக்கிரம் முடிச்சுட்டு அந்த நேரத்தைக் கணக்குக்கு வெச்சுக்கலாமா?"

முடியாது. சாத்தம் துறையில் படகு ஏறிவிட்டால் பம்பூஃப்ளாட்டில்தான் இறங்க முடியும். அதுபோல நாற்பது நிமிஷம் முடியும் வரை கணினி அந்தப் பிரிவிலேயே உன்னை வைத்திருக்கும். முடிந்ததும் அடுத்ததற்குக் கொண்டு போய்விடும். பழைய பிரிவுக்குத் திரும்ப வழியில்லை. ஒரு பிரிவுக்குள் எந்தக் கேள்விக்கும் முன்னும் பின்னும் போகலாம். வரிசைப்படி செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. பாதிப் பேர் பயன்படுத்தாமல் விடும் சலுகை இதுதான்.

அடுத்து மார்க். சரியான விடைக்கு மூன்று. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தப்பானால் ஒன்று கழியும். விடையை நாமே தட்டச்சு செய்யும் கேள்விகளும் உண்டு. மாணவர்கள் 'டிட்டா' என்பார்கள். அவற்றில் தப்பானாலும் கழிக்க மாட்டார்கள்.

இந்த மூன்றுக்கும் ஒன்றுக்கும் உள்ள கணக்கை அவனையே போடச் சொன்னேன். ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பாகும். வருவது 3, போவது 3, மிச்சம் பூஜ்யம். ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால், மூன்று கேள்விக்கு ஒன்று சரி, இரண்டு தப்பு. வருவது 3, போவது 2. ஒரு மார்க் லாபம். குருட்டு ஊகத்தில் லாபமில்லை, பாதி தெரிந்த ஊகத்தில் கொஞ்சம் உண்டு. கடைக்கணக்கு எழுதிப் பழகிய பையன், உடனே பிடித்துக்கொண்டான்.

"இன்னொன்று போடு. ஒருத்தன் 30 கேள்வி தொட்டு 24 சரி. இன்னொருத்தன் 45 தொட்டு 25 சரி. தப்புக்கெல்லாம் ஒன்று கழி."

முதலாமவனுக்கு 72-இல் 6 போக 66. இரண்டாமவனுக்கு 75-இல் 20 போக 55. பதினைந்து கேள்வி கூடுதலாகத் தொட்டு, ஒரு சரியான விடை கூடுதலாக எழுதியும், 11 மார்க் பின்னால் நிற்கிறான்.

அவன் டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் நடுப்பிரிவுக்கு வந்தேன். தர்க்கக் கேள்விகள் தனித்தனியாக வராது, 'செட்'டாக வரும். ஒரு விவரத்தைக் கொடுத்து அதன்மேல் நான்கைந்து கேள்வி. 2024-இல் ஐந்து செட். எதிர்வரிசைக் கடைகளைக் காட்டி, சின்னதாக ஒன்று சொன்னேன்.

ஒரு வரிசையில் நான்கு கடைகள்: துணி, மளிகை, செருப்பு, பாத்திரம். இடமிருந்து வலமாக ஒன்று முதல் நான்கு என்று எண். மளிகைக்கடை ஓரத்தில் இல்லை. துணிக்கடை மளிகைக்கு அடுத்த இடப்பக்கம். செருப்புக்கடை மளிகையை ஒட்டி இல்லை. கேள்வி: மளிகைக்கு அடுத்த வலப்பக்கம் எந்தக் கடை?

பென்சிலை எடுத்தான். மளிகை இரண்டாவது என்றால் துணி முதலாவது. செருப்பு நான்கு, பாத்திரம் மூன்று. மளிகை மூன்றாவது என்றால் துணி இரண்டு. செருப்பு ஒன்று, பாத்திரம் நான்கு. இரண்டு வரிசை வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. "ஏதோ குறிப்பு விட்டுப்போச்சு டீச்சர்" என்று திரும்பத் திரும்பப் படித்தான்.

"கேள்வியைப் படி" என்றேன்.

இரண்டு வரிசையிலும் மளிகைக்கு வலப்பக்கம் பாத்திரக்கடைதான். விடை கையிலேயே இருந்தது. வரிசை முழுதையும் நிலைநாட்டினால்தான் விடை வரும் என்று நினைத்து, இல்லாத குறிப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தேர்வில் நிமிஷங்கள் இப்படித்தான் கரைகின்றன. கேட்டது என்ன, அதற்கு எவ்வளவு தெரிந்தால் போதும் என்று பார்க்க வேண்டும்.

நான் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கணினி வருவதற்கு முன், அதாவது 2009-க்கு முன், காகிதத்தில் பென்சிலால் கட்டம் நிரப்பிய காலத்தில் நானும் இந்தத் தேர்வை எழுதினேன். கப்பலில் மூன்று நாள் போய், சென்னையில் உறவினர் வீட்டில் தங்கி எழுதினேன். ஒரே ஒரு புதிரில் உட்கார்ந்து, விடமாட்டேன் என்று கிட்டத்தட்ட அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அதற்குப் பின்னால் நான் போடக்கூடிய கணக்குகள் வரிசையாக இருந்தன. அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை. கணக்கு எனக்குத் தெரியும். தேர்வின் அமைப்பைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று நாள் கடல் தாண்டி வருகிற பிள்ளைக்கு அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆழமறியாமல் காலை விடாதே என்பார்கள். தீவுக்காரனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். நாற்பதில் முதல் நான்கு நிமிஷத்தை ஆழம் பார்க்கவே செலவிடு. ஐந்து செட்டையும் மேலோட்டமாகப் படி. எது உன்னுடையது என்று பார்த்து இரண்டு, மிஞ்சினால் மூன்று எடு. மற்றதை மனசார விடு.

"விட்டா மார்க் போயிடாதா?"

அதற்குத்தான் பெர்சென்டைலைப் புரிந்துகொள்ள வேண்டும். இது சதவீதம் இல்லை. 2024-இல் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 99 பெர்சென்டைல் என்றால் உனக்கு மேலே சுமார் 2,930 பேர்தான் என்று பொருள். நூற்றுக்கு 99 மார்க் எடுத்தாய் என்று அர்த்தமில்லை. 68 கேள்விக்கு மொத்தம் 204 மார்க். சமீப ஆண்டுகளில் மொத்தத்தில் ஏறக்குறைய பாதி எடுத்தவர்கள்கூட 99-ஐ எட்டியிருக்கிறார்கள். பாதியை விட்டவர்கள் அந்த உயரத்தில் இருக்கிறார்கள் என்றால், விடுவதும் இங்கே ஒரு திறமைதான். ஆனால் ஒரு பிரிவையே விட்டுவிட முடியாது. ஐஐஎம்கள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாகக் குறைந்தபட்ச பெர்சென்டைல் கேட்கும்.

ஆகவே ஆங்கிலத்துக்கும் பயப்படாமல் முகம் கொடுக்க வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, வகுப்பில் மட்டும் ஆங்கிலம் என்று வளர்கிற நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 24-இல் 16 கேள்வி நான்கு வாசிப்புப் பகுதிகளிலிருந்து வரும். தத்துவம், வரலாறு, சுற்றுச்சூழல், பொருளாதாரம் என்று எதுவும் இருக்கலாம். இலக்கணப் புத்தகம் மனப்பாடம் செய்து இதற்கு ஆவதில்லை. தினம் ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையை முழுதாகப் படித்து, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழில் இரண்டு வரி எழுது. ஆகஸ்டில் தொடங்கினால் நவம்பருக்குள் நூறு கட்டுரை.

கணக்கு பெரும்பாலும் பத்தாம் வகுப்பு அடிப்படைதான்: சதவீதம், விகிதம், வேகமும் நேரமும், சமன்பாடு, வடிவியல். திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும். கைக்கடிகாரம் கொண்டுபோக முடியாது, நேரமும் திரையில்தான். எழுதிப் பார்க்கத் தாள் கொடுப்பார்கள். ஒரே நாளில் மூன்று வேளையாக நடக்கும்: காலை எட்டரை, பகல் பன்னிரண்டரை, மாலை நாலரை. வேளைக்கு வேளை கேள்வி வேறு என்பதால் மதிப்பெண்ணைச் சமன்படுத்துவார்கள். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டி, சீக்கிரம் அடங்கிவிடும் ஊர் நம்முடையது. மாலை வேளை கிடைத்தால் அந்த நேரத்தில் மூளை விழித்திருக்க இப்போதே பழக வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் கேட்டுக்கு மட்டும். சேவியர் நிறுவனம் ஜனவரியில் நடத்தும் எக்ஸாட்டில் எட்டுக்கு மேல் கேள்விகளை விட்டால், விட்டதற்கே சிறிது கழிக்கும் விதி இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான டான்செட்டில் இரண்டு மணி நேரத்தில் 100 கேள்வி. தப்பானால் மூன்றில் ஒரு பங்கு கழியும். கடல் ஒன்றானாலும் மீனுக்கு மீன் வலைக்கண்ணி மாறும். எந்தத் தேர்வோ அதன் விதியை முதலில் படிக்க வேண்டும்.

"புத்தகமெல்லாம் வாங்கட்டுமா?"

ஒன்று போதும் என்றேன். கேட்டின் இணையதளத்திலேயே மாதிரித் தேர்வு இலவசமாக இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேரும் வரை, இந்த ஊரில் இணையத்தில் இரண்டு மணி நேரத் தேர்வை அறுபடாமல் எழுதுவது பெரும்பாடாக இருந்தது. சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் நமக்காகக் கடலுக்கடியில் கிடக்கிறது. வாரம் ஒரு தேர்வு எழுது. எழுதிய பிறகு அதே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எதை எடுத்திருக்கக் கூடாது என்று பார்.

படகுக்கு நேரமாகிவிட்டது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினான்.

அடுத்த வாரம் மழையோடு வந்தான். உட்காருவதற்கு முன்பே சொன்னான்:

"டீச்சர், மாதிரித் தேர்வுல முதல் செட்டு ரொம்ப ஆசையா இருந்துச்சு. மூணு நிமிஷம் பார்த்தேன். விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"நாலாவது செட்டு முழுசா வந்துச்சு."

கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னேன்.