மய்யத்துக்கு 1,728 ஓட்டுக் குறைவு

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. கோவையில் ஒரு பேக்கரிகூடத் திறக்கவில்லை. டீயும் தேங்காய் பன்னுமாக நின்று தேர்தல் முடிவைப் பேசித் தீர்க்க வேண்டியவர்கள் டிவி முன்னால் அடைந்து கிடந்தார்கள். தடாகம் ரோடு ஜிசிடி கல்லூரியில் ஓட்டு எண்ணிக்கை. கோவை தெற்கில் பல சுற்றுகளில் கமல்ஹாசன்தான் முன்னிலை; அவர் கட்சியின் சின்னம் டார்ச்லைட். எங்கள் தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் சுற்றுக்கு ஒரு போன் போட்டார். "டார்ச்லைட்டு வந்துருமாட்ட இருக்குதுங் தம்பி." கடைசிப் போன் மட்டும் ஒரே வார்த்தை: "போச்சுங்."

பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209. மக்கள் நீதி மய்யத்தின் கமல் 51,481. காங்கிரஸின் மயூரா ஜெயக்குமார் 42,383. வித்தியாசம் 1,728 ஓட்டு. 865 பேர் மனம் மாறியிருந்தால் 'மய்யம்' என்று பெயர் வைத்த கட்சிக்குச் சட்டமன்றத்தில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அன்று அதிமுக கூட்டணிக்கே போயின.

வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம் என்று 2018 பிப்ரவரி 21-ல் மதுரையில் தொடங்கிய கட்சி அது. பெயரின் எழுத்துக்கூட்டலே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. 'மையம்' என்பதை 'மய்யம்' என்று எழுதுவது பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தின் வழக்கம். நடுவில் நிற்கிறேன் என்பவரும் ஏதோ ஓர் எழுத்தில் எழுதித்தானே ஆக வேண்டும்.

அந்தக் கட்சிக்குக் கொங்கு மண் கொடுத்த வரவேற்பு லேசானதல்ல. 2019 மக்களவைத் தேர்தலில் கோவையில் அதன் வேட்பாளர் ஆர். மகேந்திரன் 1,40,000 ஓட்டுக்கு மேல் வாங்கி மூன்றாவதாக வந்தார். மில், மோட்டார், பம்ப்செட் என்று சொந்தக் காலில் நிற்கிற ஊர்; கட்சிக்காரனுக்கு வணக்கம் போட்டு வாழத் தேவையில்லாத நடுத்தர வர்க்கம் இங்கே பெரிது. மய்யத்துக்கு இதைவிடத் தோதான நிலம் தமிழ்நாட்டில் இல்லை. அந்த நிலத்திலேயே அது முளைத்துக் கருகியது. 2021 தோல்விக்குப் பின் மகேந்திரன் சில நாளில் விலகி, ஜூலையில் திமுகவில் சேர்ந்தார். 2024 மார்ச்சில் கட்சியே திமுக கூட்டணிக்குள் போனது. 2025 ஜூலையில் கமல் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். கூட்டணி கொடுத்த இடம் அது.

அமெரிக்காவில் இதே கதை செனட்டில் நடந்தது. மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின், அரிசோனாவின் கிர்ஸ்டன் சினிமா இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். 2021, 2022-ல் பைடன் அரசின் பெரிய மசோதாக்கள் இந்த இருவரின் தலையசைப்புக்குக் காத்துக் கிடந்தன. பிறகு இருவருமே கட்சியை விட்டுச் சுயேச்சையானார்கள். 2024-ல் இருவரும் நிற்கவில்லை. மான்சின் இடம் குடியரசுக் கட்சிக்குப் போனது. சினிமா இடம் ஜனநாயகக் கட்சிக்கே திரும்பியது. பங்காளிகள் பாகம் பிரித்தது போல ஆளுக்கு ஒன்று. அங்கே வேட்பாளரைக் கட்சியின் வாக்காளர்களே முன்தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் தீவிரமானவர்கள் அதிகம். எதிர்க்கட்சிக்காரரோடு ஒரு மேடையில் சிரித்துப் பேசினாலே அடுத்த முறை சீட்டுக்கு ஆபத்து.

நமக்கு அந்த வம்பே இல்லை. சீட்டைத் தலைமை கொடுக்கும். ஜெயித்தவர் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறித்துவிடும். மான்சின் நம் சட்டமன்றத்தில் இருந்திருந்தால் ஒரே ஒரு மசோதாதான் அவர் ஆயுள்.

அப்படியானால் இங்கே நடு என்று ஒன்று இருந்ததே இல்லையா? இருந்தது. கட்சியாக இல்லை, போக்குவரத்தாக இருந்தது. இதை எனக்கு விளங்க வைத்தவர் அந்த லேத் அண்ணன்தான். ஊரடங்கு தளர்ந்த பின் பட்டறையில் ஒரு ஷாஃப்டைக் கடைந்துகொண்டே சொன்னார்: "இந்தப் பக்கம் சக்கு புடிச்சிருக்குது. அந்தப் பக்கம் டெயில்ஸ்டாக்கு. ரெண்டும் நேருக்கு நேரா நின்னாத்தான் சென்டருங். நடுவுல தனியா சென்டர்னு ஒரு சாமானம் கெடையாது."

கோவையின் தேர்தல் வரலாறு அவர் பேச்சுக்கு ஒத்துப்போகிறது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் கலவரம். ஊர் இரண்டாகப் பிளந்து கிடந்த அந்த நேரத்தில் நடந்த தேர்தலில் பாஜகவின் சி.பி. ராதாகிருஷ்ணன் ஜெயித்தார், அதிமுக கூட்டணியில். அடுத்த ஆண்டே மறுபடி ஜெயித்தார், இம்முறை திமுக கூட்டணியில். அதே ஆள், அதே தாமரை. பக்கத்தில் நின்ற கொடி மட்டும் வேறு. 2004-ல் திமுக காங்கிரஸோடும் இடதுசாரிகளோடும் போக, கோவை இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயனுக்கு வந்தது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று வைய நிறையப் பேர் இருக்கிறார்கள்; நானும் வைதிருக்கிறேன். ஆனால் நேற்றைய எதிரியோடு இன்று மேடை ஏற வேண்டியிருந்ததால், பேச்சில் ஒரு அளவு இருந்தது. நாளைக்கு யார் தயவு தேவைப்படுமோ என்கிற பயம் நாக்குக்கு நல்ல கடிவாளம். ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பரில் குடியரசுத் துணைத் தலைவரானபோது எல்லாக் கட்சியிலும் அவருக்கு நண்பர்கள் உண்டு என்று கோவையில் சொன்னார்கள். அந்தப் பழைய போக்குவரத்தின் மிச்சம் அது.

பொள்ளாச்சிப் பக்கம் போனால் இன்னும் பழைய சாட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, வாய்க்காலில். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், ஊர்வாயில் பிஏபி. மேற்கே போகும் தண்ணீரைக் கிழக்கே திருப்ப வேண்டும், அணைகள் பல கேரள மண்ணில் வர வேண்டும். பேச்சு நடந்த காலத்தில் இங்கே காமராஜரின் காங்கிரஸ் ஆட்சி, அங்கே இ.எம்.எஸ்ஸின் கம்யூனிஸ்ட் ஆட்சி. நாடெங்கும் இந்த இரண்டு கட்சிக்கும் ஏழாம் பொருத்தம். கோவை மில்களின் வாசலிலேயே இரண்டும் மல்லுக்கு நின்றன. பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் அன்று சென்னை மந்திரிசபையில் இருந்தார். தாள் கூடக் கையெழுத்தாகாமல் வேலை தொடங்கியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29-ல். 1958 நவம்பர் முதலே செல்லும் என்று பின்தேதியிட்டு. அதற்குள் இங்கே திமுக வந்துவிட்டது, அங்கே அச்சுத மேனன் ஆட்சி. ஆட்சிகள் மாறியும் நாக்கு மாறவில்லை. இப்போது பிஏபியின் இரண்டாம் மண்டலப் பாசனத்துக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்கும் விவசாயி, இது எந்தக் கட்சியின் நடு என்று கேட்பதில்லை.

அப்படி ஒரு பேச்சை இன்று யாராவது தொடங்கினால், மாலைக்குள் வாட்ஸ்அப்பில் 'விலைபோய்விட்டார்' என்று வந்துவிடும்.

நடுவில் நிற்பவருக்கு இடமில்லை என்பதை 2024 மக்களவைத் தேர்தலில் கோவை கண்ணெதிரே காட்டியது. 2023 செப்டம்பரில் பாஜகவைக் கழற்றிவிட்ட அதிமுக, இரண்டு பக்கமும் சேராமல் நின்றது. வேட்பாளர் சிங்கை ராமச்சந்திரன். மூன்றே வருஷத்துக்கு முன் மாவட்டத்தைச் சுருட்டிய கட்சி அது. திமுகவின் கணபதி ராஜ்குமார் 5,68,200 ஓட்டு வாங்கினார். 1996-க்குப் பிறகு கோவையில் திமுகவுக்கு முதல் மக்களவை வெற்றி. பாஜகவின் அண்ணாமலை 4,50,132. அதிமுக 2,36,490 ஓட்டோடு மூன்றாவது. இங்கே பலமுறை ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியிடமிருந்து தொகுதியைத் திமுக முன்பே எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லைக் கொடுத்திருந்தது. 2025 ஏப்ரலில் அதிமுக மறுபடி பாஜகவோடு போனது. தனியாக நின்று பார்த்த கணக்கு அதற்குப் போதுமாக இருந்திருக்கும்.

லேத் அண்ணன் 2019-லும் 2021-லும் டார்ச்லைட்டுக்குப் போட்டவர். 2024 ஏப்ரலில் ஓட்டுப் போட்ட மை காயாமல் பேக்கரிக்கு வந்தார். யாருக்கு என்று கேட்டேன்.

"யாரு வரோணும்னு இல்லீங் தம்பி. யாரு வரக்கூடாதுன்னு பாத்துப் போட்டனுங்."

யார் வரக்கூடாது என்பதைச் சொல்லவில்லை. கல்லாவில் இருந்தவர் ஒரு கட்சி, எங்கள் பக்கத்தில் நின்றவர் இன்னொரு கட்சி என்று அவருக்குத் தெரியும். டீக்குச் சக்கரை கம்மி என்று மட்டும் சொன்னார்.