பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்... டேலி ஓடுமா?
நாமக்கல் லாரி ஆபீஸோ, சேலம் ஜவுளிக்கடையோ, பல இடங்களில் கணக்கு என்றால் டேலிதான். அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் இலவசம்தான், ஆனால், கணக்கு என்னாவது?

அதற்கு ஒரு வழி, 'வைன்'. 1993-ல் தொடங்கிய இலவச மென்பொருள். விண்டோஸ் புரோகிராம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தரும். விண்டோஸ் லைசென்ஸ் தேவையில்லை.

ஆனால், எல்லாமே ஓடிவிடாது. தனி டிரைவர் கேட்கும் டாங்கிள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவை வைனில் மக்கர் செய்யலாம். அப்போது 'விர்ச்சுவல்பாக்ஸ்' மூலம் லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டலாம். அதற்கு லைசென்ஸும் கூடுதல் ராமும் வேண்டும்.

அவசரப்பட்டு விண்டோஸை அழிக்க வேண்டாம். தமிழக அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸும் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அதேபோல இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கணக்கை பென்டிரைவில் பேக்கப் எடுங்கள். ஒரு மாதக் கணக்கை லினக்ஸிலும் போட்டுப் பாருங்கள். பில் சரியாக பிரின்ட் ஆகி, பாக்கித் தொகையும் பைசா பிசகாமல் ஒத்துப்போனால், தைரியமாக மாறலாம்!